கரி போன தகடு

எர்னி ஹாவொர்த் பிறந்தது கால்டர்ஷா படைமுகாமின் பின்தெருவில். முகாமின் ஊதுகொம்பு கேட்டுத்தான் அந்தத் தெருவே விழிக்கும். பதினேழு வயதில் ஊர் ரெஜிமென்டில் சேர்ந்தார். பர்மாவில் சண்டை போட்டு, கார்ப்ரலாகத் திரும்பி வந்தார். பிறகு முப்பது வருடம் பேருந்து ஓட்டினார். மனைவி ஜீன் இறந்தபின் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அவருக்குப் போக இடம் இருந்தது. வியாழக்கிழமை, ரெஜிமென்டின் அருங்காட்சியகம். அங்கே பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளின் சாவி அவரிடம் இருந்தது.

அந்த ரெஜிமென்டின் தொப்பி பேட்ஜில் ஒரு மான் தலை உண்டு. தினமும் தேய்த்துத் தேய்த்து எவனுடைய மானுக்கு மூக்கு மழுங்கிப் போகிறதோ, அவன்தான் பழைய ஆள். கூர்மூக்கு மானோடு வருபவனைச் சாப்பாட்டு மேசையின் கடைசியில் உட்காரவைத்துக் கிண்டல் செய்வார்கள். எர்னியின் மானுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை.

அதனால்தான் மூன்றாம் பெட்டியில் இருந்த உயரத் தொப்பி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நெப்போலியன் காலத்தில் ஸ்பெயினுக்குப் போய்வந்த தொப்பி. முன்பக்கப் பித்தளைத் தகடு கன்னங்கரேலென்று இருந்தது. அதைக் கொடுத்த குடும்பத்திலிருந்து லோமக்ஸ் என்பவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் எர்னிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழன் மதியம் பெட்டியைத் திறந்தார். பித்தளை பாலிஷும் பழைய காலுறையும் போதுமாயிருந்தன. ஒரு மணி நேரத்தில் தகடு தகதகத்தது.

மறுநாள் லோமக்ஸின் முகத்தைப் பார்க்கும் ஆசையில் அவர் பத்தரைக்கே வந்துவிட்டார். பெட்டியின் முன்னால் காப்பாளர் மிஸஸ் கார்சைட் வெளுத்துப்போய் நின்றிருந்தார். எதிரே, துப்புரவு வேலை செய்யும் டோனா, வாளியோடு.

தகட்டில் இருந்த கறுப்பு, அழுக்கே அல்ல என்றார் மிஸஸ் கார்சைட். படை பின்வாங்கிய நாட்களில், வெயிலில் மின்னினால் எதிரி குறிவைத்துவிடுவான் என்று ஒரு சிப்பாய் கொழுப்பில் கரியைக் குழைத்துப் பூசியதாம். ஆராய்ந்தவர்கள் போன மாதம்தான் உறுதிசெய்தார்கள். புது விளக்க அட்டை இன்னும் அச்சிலிருந்து வரவில்லை. லோமக்ஸ் அந்தக் கரியைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்.

டோனாதான் அதைத் துடைத்திருக்க வேண்டும் என்று மிஸஸ் கார்சைட் முடிவுகட்டியிருந்தார்.

டோனா தனக்குச் சாவியே கிடையாது என்றாள். துடைப்ப அலமாரியில் மாற்றுச் சாவி தொங்குகிறதே என்றார் மிஸஸ் கார்சைட். டோனாவை அனுப்பிய நிறுவனத்துக்கு உடனே சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். எண்ணைச் சுழற்றத் தொடங்கினார்.

எர்னி பேசாமல் நின்றால் வியாழக்கிழமை அவருடையதாகவே இருக்கும். பேசினால் போய்விடும். டோனா அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவர்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

"போனை வையுங்கம்மா. அவ இல்ல, நான்தான்."

"நீங்களா எர்னி? அதைப் போய் எதுக்குத் தொட்டீங்க?"

"அழுக்குன்னு நெனச்சேன். அழுக்குப் பித்தளையோட எங்காளு எவனும் வரிசையில நின்னதில்ல."

மிஸஸ் கார்சைட் தொலைபேசியை வைத்தார். பிறகு அவர் மெல்லக் கேட்டார்:

"பின்பக்கமும் தேய்ச்சீங்களா?"

"பின்பக்கத்த யாரும்மா தேய்ப்பாங்க? சார்ஜன்ட் பாக்குறது முன்பக்கத்தத்தானே."

டோனாவுக்குச் சிரிப்பு முட்டியது. "நல்லவேளை கார்ப்ரல், நீங்க சோம்பேறி ரெஜிமென்ட்."

மிஸஸ் கார்சைட் கையுறை மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்தார். தகட்டை நெம்பி, விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பூசியவன் தகட்டைப் பிடித்திருந்த இடத்தில், பின்பக்க ஓரமாக, மூன்று விரல் தடங்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. அதுவரை தகட்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அவர் நெடுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் எர்னியை நோக்கி உள்ளங்கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார்.

"லோமக்ஸ்கிட்ட நீங்களே சொல்லணும்."

பதினொரு மணிக்கு எர்னி சொன்னார், விறைப்பாக நின்று, ஒன்றும் மறைக்காமல். லோமக்ஸ் விரல் தடங்களை வெகுநேரம் பார்த்தார். எர்னியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போனார்.

அடுத்த வியாழன் எர்னி வந்தார். ஈரக் குடைகளை வாங்கி வைக்கும் வாசல் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். விரல் தடங்களைப் பார்க்க மூன்றாம் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை.