செத்த கேமராக்களை வாங்கிய கதை

மாங்கிலால் சேட்டுக்கு நான் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். நாலாவதோடு பள்ளியை விட்ட இந்த ருத்ரப்பா, பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் மூன்று கடைக்கு முதலாளியானது அந்தக் கடனில்தான். சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அப்போது எனக்கிருந்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர். சேட்டின் கிடங்கில் ஒரு மூட்டை வெப்கேமரா கிடந்தது. எல்லாம் செத்துப்போச்சு என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தவை. மொத்தத்தையும் பன்னிரண்டாயிரத்துக்குக் கடனாக எடுத்தேன். தீபாவளிக்குள் பணம் தராவிட்டால் மேசையும் கம்ப்யூட்டரும் சேட்டுக்கு என்று பேச்சு. ரோடே சிரித்தது.

எதைச் செருகினாலும் திரையில் மஞ்சள் கேள்விக்குறிதான் வந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி கௌரவ்வா எட்டிப் பார்த்தாள்.

"செத்தவன் எங்கயாவது வந்து கதவத் தட்டுவானா? இது உசுரோடதான் இருக்கு. உங்க பொட்டிக்குத்தான் ஆளு தெரியல."

சொன்னது அவள். புரிந்துகொண்டது நான்!

எதைச் செருகினாலும் கம்ப்யூட்டர் முதலில் நீ யார் என்று கேட்கும். கேமரா தன் கம்பெனி எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும். அதை வேலை வாங்கத் தெரிந்த டிரைவர் என்ற புரோகிராம் உள்ளே இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடும். இல்லாவிட்டால் 'தெரியாத ஆள்' என்று எழுதிக்கொண்டு, பிறகு கேமராவோடு வந்த சி.டி.யில் டிரைவரைக் கொடுத்தாலும் எழுதியதையே பிடித்துத் தொங்கும். நம் ஜனங்களோ மிக்ஸி வாங்கிய பழக்கத்தில் பெட்டியைப் பிரித்ததும் வயரைத்தான் செருகுவார்கள். சி.டி. உறை பிரியாமல் கிடக்கும்.

பழைய பதிவை அழித்தேன். சி.டி.யை முதலில் போட்டு, அப்புறம் கேமராவைச் செருகினேன். டிங் என்று ஒரு சத்தம். திரை நிறைய என் மீசை.

"இதுக்கு அந்தக் கேள்விக்குறியே லட்சணமா இருந்துச்சு," என்றாள் கௌரவ்வா.

ஒவ்வொரு கேமராவின் செருகிலும் சிவப்பு டேப் சுற்றி, 'முதலில் சி.டி.' என்று கன்னடத்தில் எழுதி ஒட்டினேன். டேப்பைப் பிரிக்காமல் யாரும் செருக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அப்பா அம்மாக்கள் பிரவுசிங் சென்டர்களில் வரிசை கட்டிய காலம் அது. சென்டர்காரர்கள் மூட்டையைக் காலி செய்தார்கள். திரும்பி வந்தது ஒன்றுகூட இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், மேசையைத் தூக்க ஒரு கூலியாளோடு சேட் வந்தார். பை-டூ காபி சொல்லி, பாதியை அவரிடம் கொடுத்தேன்.

"மேசையத் தொடச்சு வச்சிருக்கியா ருத்ரப்பா?"

"வச்சிருக்கேன் சேட். நீங்க கைய நீட்டுங்க."

சிரித்துக்கொண்டே நீட்டினார். விரிந்த அந்த உள்ளங்கையில், ரோடே பார்க்க, நூறு நூறாக எண்ணி வைத்தேன்.