ஆற்றில் தண்ணீர் இல்லை, சரி செய்யவும்

என் அண்ணன் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓர் ஆறு இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. அத்தனை தகராறும் அதில்தான் ஆரம்பித்தது.

அந்த விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர்கள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு ஒரு கற்பனை ராஜ்ஜியம் முழுக்கச் சுற்றலாம். வழியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம், பூதங்களோடு மோதலாம், பிடித்தால் ஏதாவது ஓர் ஊரில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி அதைச் செய்துகொண்டிருந்தது. அதில் நிலம் வரைவது அண்ணன் வேலை. மலை, காடு, ஊர், பாதை எல்லாம் அவன் கை. இரண்டு கிட்னியும் கெட்டுப்போன பிறகு ஊருக்கே வந்துவிட்டான். நன்னிலம் பக்கத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்த்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் திருவாரூருக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். நான் கூடப் போவேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. வேறு யார் போவது?

கண்ணும் அவனுக்கு மங்கிக்கொண்டு வந்தது. படம் தெரியும், சின்ன எழுத்து தெரியாது. அதனால் சோதனைக்காக விளையாட்டின் முதல் பாகத்தை வெளியே விட்டு, ஆடியவர்கள் என்னென்ன வேண்டும் என்று எழுத ஆரம்பித்தபோது, அதைப் படித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. உலகம் பூராவிலிருந்தும் எழுதினார்கள். நான் படித்த பி.காம் இங்கிலீஷ் அதற்குத்தான் உதவியது.

“குதிரை வேணுமாம்.”

“குடுத்துடலாம்.”

“தூக்கிட்டுப் போற சாமானுக்கு எடைக் கணக்கு வைக்கக் கூடாதுங்கறான்.”

“அப்ப ஏழெட்டுக் கேடயத்தை முதுகுல கட்டிக்கிட்டு ஓடுவானாமா? பெரிய இவன். அடுத்தது?”

“தாடியில தினுசு பத்தலையாம். கல்யாணம் பண்ணிக்க வழி இருக்கணுமாம். தெருநாயைத் தடவிக் குடுக்க முடியலையாம்.”

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். “நாய் விஷயம் நியாயம்” என்றான்.

எல்லாரும் கேட்டது ஒன்று இருந்தது. கதையில் நடுவழியில் ஒரு கூட்டாளி செத்துப்போவாள். அவளைக் காப்பாற்ற ஏதாவது வழி வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தார்கள், சிலர் திட்டியும் இருந்தார்கள். நான் அதைப் படிக்காமல் தாண்டிப்போகப் பார்த்தேன். அவனுக்கா தெரியாது?

“என்னத்தை முழுங்கறே?”

“கூட வர்ற ஆளு சாகக் கூடாதாம்.”

“எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நீ என்ன சொல்றே?”

“நானா உக்காந்து ஆடறேன்? எனக்கென்ன வந்துச்சு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவனுக்கு அளந்து வைத்திருந்த தண்ணீரை எடுக்க எழுந்து போனேன். அவன் குடிக்கிற தண்ணீருக்கே அளவு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றைப் பற்றி முதல் ஆள் எழுதினான். ‘ஆற்றில் தண்ணீர் இல்லை. பிழை. சரி செய்யவும்.’ மறுநாள் இன்னொருத்தி எழுதினாள். பிறகு வரிசையாக வந்தது. ஒருவன் வறண்ட மணலைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான்.

எனக்கு வந்ததே கோபம். “ஆத்துல எப்பவும் தண்ணி நிக்கறதுக்கு அது என்ன கெணறா? இதுங்களுக்கெல்லாம் ஆறுன்னா என்னன்னே தெரியாதா?” என்று கத்தினேன். அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்குத் தெரியாது என்பதே அவனுக்கும் அப்போதுதான் தெரிகிறது.

எங்களுக்கு ஆறு என்பது வருவது. கோடை முழுக்க மணலாகக் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, அப்புறம் மேலே இருக்கிற ஊரெல்லாம் நனைந்த பிறகு கடைமடையில் இருக்கிற எங்களுக்கு ஒருநாள் ஆறு வரும். அந்தக் காட்சியைத்தான் அவன் விளையாட்டில் வைத்திருந்தான். ஆரம்பத்தில் வறண்ட ஆறு. கதை பாதி போன பிறகு ஒரு காலையில் தண்ணீர் வரும். ஊரே கரைக்கு ஓடும். வாளுக்கு அங்கே வேலை இல்லை, ஆடுகிறவர் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதைச் செய்தவன் ஒரு வார்த்தை, ஒரு குறிப்பு எங்கேயும் வைக்கவில்லை. ஆறு வரும் என்று யாராவது சொல்லியா தெரிய வேண்டும் என்று நினைத்துவிட்டான். எங்கள் பக்கத்து ஆள் எவன் செய்திருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பான்.

கம்பெனியில் அவனுக்கு மேலே இருந்தவர் போன் செய்தார். தங்கமான மனுஷர், குரலே உயராது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“பாதிப் பேர் ஆத்தைப் பாத்துட்டு, இது இன்னும் முடியாத வேலைன்னு மூடி வெச்சுட்டுப் போயிடறாங்க. ரொப்பிடுங்களேன்.”

“ஒரே ஒரு தடவை தண்ணி வர்றதைப் பாத்துட்டாங்கன்னா அப்புறம் கேக்க மாட்டாங்க சார்.”

“அப்ப அந்தக் காட்சியை வாயடைச்சுப் போற மாதிரி முடிச்சுக் குடுங்க. ஆடி மாசக் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

காட்சி முடிந்துதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கடல் சத்தம், மழைச் சத்தம், அருவிச் சத்தம் எல்லாம் காசு கொடுக்காமலே கிடைக்கும். முதல் தண்ணீரின் சத்தம் எங்கும் கிடைக்கவில்லை. அது பெரிய இரைச்சல் கிடையாது. கணுக்கால் உயரத்துக்கு நுரையும் வைக்கோலும் யாரோ விட்ட ஒற்றைச் செருப்புமாக, மனுஷன் நடக்கிற வேகத்தில் வரும். சுடுமணல் அதைக் குடிக்கும். சர்ரென்று ஓர் இழுப்பு, நண்டு வளைகளில் தண்ணீர் இறங்கும்போது களக் களக்கென்று ஒரு சத்தம். வருஷத்தில் ஒரே தடவைதான் அது கேட்கும்.

அதற்கு முந்தைய வருஷம் அதைப் பிடிக்கப் பார்த்தோம். அப்போது அவனால் ஆற்றங்கரை வரை நடக்க முடிந்தது, சரிவில் இறங்கத்தான் முடியவில்லை. போனை என் கையில் கொடுத்து மணலில் இறக்கிவிட்டு மேலே நின்றான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தண்ணீரை யார் பார்த்தாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம் எங்கே போகும்? வளைவில் நுரை தெரிந்ததும் “அண்ணே, தண்ணி வந்துடுச்சு!” என்று வீறிட்டுவிட்டேன். அவன் என் தலைக்கு மேலேதான் நிற்கிறான், அது கூட நினைப்பில்லை. அத்தோடு போச்சு. “உன் வாயை எங்கடி கொண்டு போய் வைக்கறது” என்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான். அம்மாவிடம் போட்டுக் காட்டி மறுபடியும் சிரித்தான்.

இந்த வருஷம் மேட்டூர் தாமதம். காலையில் எழுந்ததும் “தெறந்தாச்சா?” என்பான். பல் கூடத் தேய்த்திருக்க மாட்டான். கல்லணை திறந்தாச்சு என்று செய்தியில் சொன்ன அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். டயாலிசிஸுக்குப் போகிற வழியில் பாலம் வரும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். மணல்தான். மேலே எங்கேயோ மதகு வேலை, முறை வைத்து விடுகிறார்கள், நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆற்று மணலை வாசலில் கொட்டி, போர் தண்ணீரை ஓஸில் பிடித்து விடச் சொன்னான். விட்டேன். போனில் பிடித்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இது அம்மா வாசல் தெளிக்கிற சத்தம்.”

ஆடி மாசம் முடிந்தது. தண்ணீர் வரவில்லை.

விளையாட்டு ஆற்றை அவனே ரொப்பினான். வேறு யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம், கம்பெனியிலும் அதைத்தான் சொன்னார்கள். கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். ஏதோ பெரிய வேலை என்று நினைத்தேன். திரையில் ஒரு கோட்டில் இருந்த பொத்தானைப் பிடித்து மேலே நகர்த்தினான். அவ்வளவுதான். மணல் மூழ்கி, நீலமாக, கரைக்குக் கரை தண்ணீர்.

“பாத்தியா, கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சு” என்றான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்தவள், அன்றைக்கு முடியவில்லை.

“ச்சீ, எதுக்குடி அழறே? ஆடறவங்க கேட்டாங்க, குடுத்தாச்சு. நாயையும் தடவிக் குடுக்கலாம் இப்ப, தெரியுமா? நீ ஒண்ணு பண்ணு. தண்ணி வர்ற அன்னிக்கு அந்தச் சத்தத்தை மட்டும் பிடிச்சு வெச்சுடு. அடுத்த விளையாட்டுல வெச்சுக்கறேன். வாயில துணியை அடைச்சுக்கிட்டாவது நில்லு, கத்தித் தொலைக்காதே.”

சரி என்றேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. திருவாரூரில், டயாலிசிஸ் நடக்கும்போதே பிரஷர் இறங்கியது. அவர்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மத்தியானம், நான் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த டீயை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் சுடுகாடு ஆற்றங்கரையில். குளித்துவிட்டு ஏற ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கொள்ளிக் குடத்துக்கே பக்கத்து போர் செட்டில் மோட்டார் போடச் சொல்லித்தான் பிடித்து வந்தார்கள். சாம்பலைக் கரைக்கப் பூம்புகாருக்கு வேன் பிடித்துப் போனார்கள். சொந்த ஊர் ஆற்றில் கரைக்க முடியாத பாவிகளாகிவிட்டோமே என்று அம்மா வேன் கிளம்பும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விளையாட்டு வெளியே வந்தது. கம்பெனியில் அவன் இறந்ததைப் போட்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் நிறையப் பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள், நல்லவர்கள்தான். அதற்குக் கீழேயே, ‘ஆற்றைச் சரி செய்ததற்கு நன்றி, மிக அழகாக இருக்கிறது’ என்று ஒருவர். கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொல்லையில் வீசியிருப்பேன், அவன் தொட்ட சாமான் என்று விட்டேன். அழுது முடித்துவிட்டு, இத்தனை நாள் மற்றவர்கள் கேட்டதைப் படித்தவள், நானும் ஆடுகிறவள் மாதிரி ஒரு வரி எழுதினேன். கூட வருகிறவர்கள் சாகக் கூடாது. எந்த ஊர்க்காரரோ உடனே பதில் போட்டார். ‘நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கம்பெனியில் கேட்பதாக இல்லை.’

ஆவணி பாதியில் தண்ணீர் வந்தது. மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் போன் செய்து சொல்லியிருந்தார்கள். காலையிலேயே போய் மணலில் நின்றேன். வளைவில் நுரை தெரிந்தது. வைக்கோல், சருகு, ஒரு பிளாஸ்டிக் குடத்தின் மூடி. அவசரமே இல்லாமல் வந்தது. போனைக் கீழே பிடித்தேன். வாயில் துணி தேவைப்படவில்லை. மணல் குடித்தது, வளைகளில் இறங்கியது, என் காலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மணல் பூரா மூழ்கும் வரை பிடித்தேன்.

அப்புறம்தான் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஊர் அக்கா ஒருத்தி கரையிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். “ஏண்டி, தண்ணியைப் பாத்துட்டு இப்படி மரமாட்டம் நிக்கறியே, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

யாரைக் கூப்பிட்டுச் சத்தம் கொடுப்பது? ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போட்டுக் காட்டினேன். சுத்தமான சத்தம். அவன் எப்படிக் கேட்டானோ அப்படியே, ஒரு பிசிறு இல்லை. அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, “போன வருஷத்துது இருக்கா?” என்றாள்.

இருந்தது. தேடிப் போட்டேன். மணல் கொஞ்சம் குடிக்கிறது, அதற்குள் நான் “அண்ணே, தண்ணி வந்துடுச்சு!” என்று வீறிடுகிறேன். உடனே தலைக்கு மேலிருந்து அவன் குரல். “கத்தாதடி கழுதை, கெடுத்துட்டியே!” அப்புறம் அவன் சிரிப்பு. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்ததா போனதா என்றே கேட்கவில்லை.

“இதையே இன்னொரு வாட்டி போடு” என்றாள் அம்மா.