வைக்கோல் புகைக்கு ஊதிய லாஸ்ட் போஸ்ட்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலான இரண்டும் செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள். ஏழில் ஆறு பேர் இருக்கிறார்கள். உருத்திரபுரத்தில் வயலும் செய்தேன், பியூகிள் என்கிற ஆமிக் குழலும் ஊதினேன். பழைய ஆமிப் பென்சன்காரர் செத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பூநகரி, முரசுமோட்டை, அங்கால் வவுனியாப் பக்கம் வரை போய் ஊதியிருக்கிறேன். ரெக்கோர்ட் எடுத்து ஸ்பீக்கரில் விடலாமே என்று சொல்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: "அழுகிறதையும் ரெக்கோர்டில போடுவியளோ?"

பள்ளிக்கூட பாண்ட் குழுவில் ஊதுகிற பிள்ளைகள் சிலர் இப்போது செத்த வீடுகளுக்கும் ஊதப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1. பல் விழுந்தபோது

என் அவர், சண்டைக்கெல்லாம் முந்திய காலத்து ஆமியில் பியூகிள்காரர். அப்போது எங்கள் தமிழ் ஆட்களும் ஆமியில் இருந்தார்கள். சொன்னால் இப்போதுள்ளவர்கள் நம்புவதில்லை. பென்சனோடு வந்து வயலில் இறங்கினார். கூட வேலை செய்தவர்கள் செத்தால் போய், ஆமி முறைப்படி வழியனுப்புகிற லாஸ்ட் போஸ்ட் ஊதுவார். முன்பல் இரண்டும் விழுந்ததும் காற்று ஒழுகத் தொடங்கியது. ஒருநாள் பியூகிளைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சை, உனக்குப் பல்லெல்லாம் கிடக்குத்தானே?"

"கிடக்கு. ஏன், கடிக்கவோ?"

"ஊத."

ஆறு மாதம் பிடித்தது. பியூகிளில் விரல் வைக்க ஓட்டை இல்லை, அமத்தக் கட்டை இல்லை. எல்லாச் சுரமும் உதட்டில்தான் இருக்கிறது. ஊத முதல் வாய் வைக்கும் இடத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்க வேண்டும். அன்றைக்கு வெற்றிலை தொடக் கூடாது. அவர் வாயால் பாடிக் காட்டுவார், நான் அதைத் திருப்பி ஊதுவேன். தாளில் எழுதித் தந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்.

ஒன்றுதான் இடைஞ்சல். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒழுங்கை முகப்போடு திரும்பிவிட வேண்டும். ஆனால் லாஸ்ட் போஸ்ட் ஊத வேண்டியது கொள்ளி வைக்கும் நேரம். அதற்கு அவரே ஒரு வழி சொல்லித் தந்தார். வாய்க்கால் ஓரத்து மண்கட்டின் மேல் வெளியான ஓர் இடத்தில் நில், சுடலைப் பக்கம் பார், புகை எழும்பினால் ஊது. வயல்வெளியில் சத்தத்துக்குத் தடை இல்லை. அவருக்கும் அப்படித்தான் ஊதினேன்.

2. இரண்டு வாக்கு

முரசுமோட்டையில் கந்தையா அண்ணை என்று ஒருவர். என் அவரோடு ஆமியில் இருந்தவர். படுக்கையில் விழுந்த பிறகு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"தங்கச்சி, கொள்ளி வைக்கேக்க ஊதோணும். முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம். நேரம் பிழைச்சா எழும்பி வருவன்."

"வாங்கோ அண்ணை, தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

சிரிப்பும் இருமலுமாகக் கையைப் பிடித்தார். ஊதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அறுவடை முடிகிற நேரம் அவர் போய்ச் சேர்ந்தார். பியூகிளைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். முற்றத்தில் கதிரையில் இருந்தபடி துண்டை அவிழ்க்கும்போது அவர் மகள் தவமணி வந்து குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமி, உந்தச் சாமானை வெளியில எடுக்காதேங்கோ."

"கொப்பர் கேட்டவர், பிள்ளை."

"அப்பா தன்ர காலத்து ஆமியை நினைச்சுக் கேட்டிருப்பார். நான் முகாமில கம்பிக்கு உள்ளுக்க இருந்தனான். விடிய ஆமிக்காரர் ஊதுற உந்தச் சத்தம் கேட்டுத்தான் எழும்புறது. இண்டைக்குத் தம்பி வருவான், நாளைக்கு வருவான் எண்டு பாத்தனான். சத்தம் மட்டும்தான் வந்தது."

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. இயக்கத்துக்குப் போனவன், கடைசிச் சண்டைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"என்ர மூத்தவனும் வரேல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "பிறகும் எப்பிடி மாமி உதை வாயில வைக்கிறியள்?"

துண்டைத் திரும்பச் சுற்றினேன்.

பறைமேளம் தொடங்கிப் பெட்டியைத் தூக்குகிற நேரம் தவமணி அழுதழுது திரும்பவும் என்னிடம் வந்தாள்.

"ஒருக்கா. ஒரேயொருக்கா ஊதுங்கோ, அப்பா கேட்டவர்தானே. ஆனா இந்த முத்தத்தில இல்லை."

"ஓம் பிள்ளை, ஒருக்கா மட்டும்."

செத்தவருக்கு ஒரு வாக்கு, இருக்கிறவளுக்கு ஒரு வாக்கு.

3. வாய்க்கால் கட்டில்

வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்றேன். தூரத்தில் சுடலைப் பனைகள் தெரிந்தன. பறைமேளம் அங்கே போய் நின்றது. மேளம் நின்ற பிறகும் கிரியை, தேவாரம் என்று அரை மணித்தியாலம் ஆகும். அது எனக்குத் தெரியும். ஆனால் தவமணி மனம் மாறி ஓடி வந்து தடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்த நேரம் பனைகளுக்குப் பின்னால் புகை எழும்பியது. வாயில் வைத்தேன்.

நன்றாக வந்தது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு சுத்தமாக நான் முன்பு ஊதியதில்லை. லாஸ்ட் போஸ்ட் முடிய மௌனம், பிறகு எழுப்புகிற றெவலி, எல்லாம் ஊதி முடித்து எச்சிலைத் தட்டிவிட்டேன். அங்கால் வயலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு நின்ற ஒருவர் கையைக் காட்டிக் கத்தினார்.

"என்னெணை ஆச்சி, என்ர வைக்கலுக்கோ ஊதுறியள்? அங்க இன்னும் தேவாரம் முடியேல்லை!"

காற்றுத் திரும்பியது. வைக்கோல் புகைதான். மணம் மூக்கில் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் உண்மையான புகை எழும்பியது, கறுத்து, தடித்து. பியூகிள் கையில் இருந்தது. ஒருக்கா என்ற வாக்கு முடிந்துவிட்டது. கையைக் கீழே விட்டேன். கந்தையா அண்ணை எரிகிறார், நான் சும்மா நிற்கிறேன்.

மற்றப் பெண்கள் குளிக்கப் போய்விட்டார்கள். தவமணி மட்டும் தலையை விரித்தபடி, வெறுங்காலோடு கட்டின் வழியே வந்தாள்.

"மாமி, அப்பாவுக்கு இப்பத்தானே கொள்ளி வைக்கினம். அப்ப, முதல் ஊதினது ஆருக்கு?"

சுடலையில் பிந்திவிட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஊதத் தொடங்கிய நாளில் இருந்து எனக்கு நேரம் தப்பியதே இல்லை. அந்தப் பெருமையை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"பிழைச்சுப்போச்சுப் பிள்ளை. வைக்கல் புகையைக் கண்டு ஊதிப்போட்டன். நீ தடுத்துப்போடுவாய் எண்டு அவசரப்பட்டனான்."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கட்டின் மேல் குந்திவிட்டாள். புகையைப் பார்த்தபடி இருந்தாள்.

"தம்பிக்கு ஒண்டும் செய்யேல்லை மாமி. பெட்டியும் இல்லை, கொள்ளியும் இல்லை. இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாம என்னத்தைச் செய்யிறது?" சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "முதல் ஊதினது அவனுக்கு இருக்கட்டும். உங்கட மூத்தவனுக்கும் இருக்கட்டும். இப்ப அப்பாவுக்கு ஊதுங்கோ. புகை கலைய முந்தி ஊதுங்கோ."

ஊதினேன். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழும்பிப் போகவில்லை. மேல் சுரத்துக்கு ஏறும் இடத்தில் என் உதடு நடுங்கிச் சத்தம் உடைந்தது. திரும்பப் பிடித்து முடித்தேன். பிறகு இரண்டு பேரும் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினோம்.

ஊதப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புகையை நம்பாதீர்கள். சுடலைக்குப் போகிற ஒருவரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். கொள்ளி வைத்ததும் அவர் ஒரு மிஸ்ட் கோல் அடிக்கட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதற்கும் முதல், அந்த வீட்டில் இந்தச் சத்தத்தை யார் எங்கே கேட்டவர்கள் என்று விசாரியுங்கள். வேண்டாம் என்றால் துண்டை அவிழ்க்காதீர்கள். நேரம் பிழைத்துவிட்டால், கேட்கிறவர்களுக்குப் பிழைத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மூன்றாவது மகளின் பிள்ளை. "அம்மம்மா, சத்தம் உடைஞ்சதை விடுவமே? அவாவும் காதைப் பொத்தினவாதானே, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாள். எழுது என்றேன். தலையை ஆட்டினாள், எழுதினாளோ தெரியாது.

எங்கை பிள்ளை, முதலில் இருந்து வாசி.