வாசலோடு நின்ற கால்

ராணுவத்தில் காலை இழந்தவர்களை நடக்க வைக்க என்னென்ன திறமைகள் வேண்டும் என்று கற்றுக்கொடுக்க, எங்கள் மறுவாழ்வுப் பிரிவைக் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். பாடம் நடத்தியவர் ஒரு செயற்கைக் காலையாவது தொட்டிருப்பாரா என்பது சந்தேகம். ஸ்லைடுகள் மட்டும் அருமை. நோயாளியின் கண்ணைப் பார், தலையை ஆட்டு, இடையிடையே "எனக்குப் புரிகிறது" என்று சொல். தலையாட்டுவதற்கு ஒரு நாள் பயிற்சி! பிரியாணி நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்தவர் ரவாங்கில் வீடு உள்ள ஒரு சார்ஜன், அதாவது ராணுவ சார்ஜென்ட். வெள்ள நிவாரணத்துக்குப் போன இடத்தில் லோரி கவிழ்ந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலை மாட்டி, இரண்டு காலிலும் சப்பாத்து போட்டு, எங்கள் பயிற்சிக்கூடத்தில் அவர் நடந்தால் அணிவகுப்புதான். படி ஏறுவார், சரிவில் இறங்குவார். மேலதிகாரி வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். நாங்களும் பூரித்துப்போய் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

சில வாரங்களில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். கால், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது.

"இத நீங்களே வச்சுக்குங்க மிஸ். வீட்டுல என்னைய தள்ளி விடுது லா."

குழு கூடியது. மனச்சோர்வு என்றார் டாக்டர். இழப்பை மனம் இன்னும் ஏற்கவில்லை என்றார் மனநல ஆலோசகர். கால் செய்தவர் காலில் குறையே இல்லை என்று சத்தியம் செய்தார். சப்பாத்து போட்டு நடக்கச் சொன்னோம், அழகாக நடந்தார். அப்படியானால் கோளாறு மனதில்தான் என்று முடிவாயிற்று. எல்லாரும் அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினோம். அவர் காலைக் கழற்றிப் பையில் போட்டு எங்கள் பக்கம் நீட்டினார். அன்று அந்தக் காலைத் திருப்பி வாங்கியிருந்தால் அவர் ஆயுசுக்கும் நாற்காலிதான். எனக்குப் பயமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பையை அவர் மடியிலேயே வைத்து, வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை போனேன். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலியில் இருந்தார். அது வாசலில் நுழையாது என்பதால் சாப்பாடு, பேப்பர், பகல் தூக்கம் எல்லாம் அங்கேயே. உள்ளே நடந்து காட்டுங்கள் என்றேன். காலை மாட்டிச் சப்பாத்தோடு வாசல்வரை ஜோராக வந்தார். இரும்புக் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு சப்பாத்தையும் கழற்றினார். தரையில் ஓர் அடி வைத்ததும் உடம்பு பின்னால் சாய்ந்தது. கிரில் இல்லையென்றால் விழுந்திருப்பார்.

செயற்கைப் பாதத்தைச் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்றபடி வைத்துத்தான் திருகுவார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதி தாழ்ந்து ஆள் பின்னால் சாய்வார். இது பாடத்தில் இருக்கிறது. எங்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். குழுவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. யார் வீட்டிலாவது சப்பாத்தோடு நுழைய முடியுமா? அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவார். ஆனால் ஒருவருக்கும் அவரை வெறுங்காலில் நடக்கவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பயிற்சிக்கூடத்தில் சப்பாத்து கட்டாயம், அதுதான் விதி.

வீட்டுக்குள்ளும் சப்பாத்து போட்டுக்கொண்டால் என்ன என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

"சாமி படம் இருக்கு மிஸ்," என்றார்.

கால் செய்தவர் முனகிக்கொண்டே பாதத்தை வெறுங்காலுக்கு ஏற்றபடி திருகிக் கொடுத்தார். வெளியே போட, குதி உயரமில்லாத தட்டைச் சப்பாத்து வாங்கச் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது சார்ஜன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எதையும் பிடிக்காமல் உள்ளே நடந்தார். ஹாலில் நிற்பார் என்று பார்த்தேன். நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"வெந்துகிட்டிருக்கும்போதே எதுக்கு தொறக்குறீங்க? கொஞ்சம்கூட பொறுமை இல்ல," என்று அவர் மனைவி சீறினார்.

அவர் மூடியோடு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"கால் போனதுலேர்ந்து இவ என்னைய ஒரு வார்த்தை திட்டல மிஸ்."