மொட்டைமாடி அத்தானின் ஊர்கள்

என் அக்கா புருஷனுக்கு மொட்டைமாடி என்று பெயர் வைத்தவள் நான்தான். அவர்கள் கல்யாணமான புதிதில் விளையாட்டாக வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இப்போது அக்காவே கோபம் வந்தால், "உங்க மொட்டைமாடி அத்தான் எங்கடி போனாரு?" என்றுதான் கேட்கிறாள். அவருக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

லிஃப்டை இழுக்கிற மோட்டார் கட்டிடத்தின் உச்சியில், மொட்டைமாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருக்கும். மெஷின் ரூம் என்பார்கள். அத்தானின் கம்பெனி பதினொரு ஊர்களில் லிஃப்ட் போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஊருக்கும் போய், கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. காலையில் ரயிலைவிட்டு இறங்கினால் கம்பெனி வேன் தயாராக நிற்கும். நேரே கட்டிடம், நேரே உச்சி. வேலை முடிந்ததும் மறுபடி வேன், மறுபடி ரயில். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தை மொட்டைமாடியில் உட்கார்ந்து பிரிப்பார். அந்த அரைமணி நேரம்தான் அவர் ஊர் பார்த்த நேரம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அரைமணியை அவர் வீணாக்கவில்லை. நான் தனிக்கட்டை. பகலெல்லாம் கண் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை, ராத்திரிச் சாப்பாடு அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டில். அதனால் பதினொரு ஊர்களும் எனக்குத் தட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டன. எந்த ஊரில் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, எந்த ஊரில் வங்கி மேனேஜர் மாடிக்கு வந்து ஒளிந்துகொண்டு சிகரெட் பிடிக்கிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஊரை எடைபோட அவரிடம் ஒரு கணக்கும் இருந்தது.

"ஒரு ஊரு நல்ல ஊரான்னு மேல நின்னு பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். துணி காயுதான்னு பாக்கணும். துணி காஞ்சா அங்க மனுஷன் இருக்கான்னு அர்த்தம்."

கண்ணாடிக் கட்டிடங்களாக நிற்கும் பெரிய நகரம் ஒன்று உண்டு. ஊரே அதைப் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு போகும். அத்தான் அதைப் பதினோராவது இடத்தில் வைத்திருந்தார். "அங்க ஒரு ஜட்டி கூடக் காயலம்மா," என்று முகத்தைச் சுளிப்பார். மறுபடி போய்ப் பார்க்கவேண்டிய ஊர்கள் என்று நான்கை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். அந்த நான்குக்குள் வரிசை அடிக்கடி மாறும். யாரோ மாடியில் தக்காளிச் செடி வைத்துவிட்டார்கள் என்பதற்காக மூன்றாவது ஊர் ஒரே நாளில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. முதலிடம் மட்டும் மாறவே மாறாது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில் பாதை, நடுவில் ஏழு மாடி இன்ஷூரன்ஸ் கட்டிடம் இருக்கும் ஊர் அது.

இதையெல்லாம் அக்கா கேட்பாளா என்றால், கேட்கமாட்டாள். பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள், அல்லது டிவியில் கண்ணாக இருப்பாள். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் அத்தனை பெற்றோரின் புகார்களையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுப் பழகியவள். "தட்டு காயுது, சாப்பிட்டுட்டுப் பேசுங்க," என்பாள். அதற்குமேல் ஊர் விஷயத்தில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கூட்டிக்கொண்டு போகச் சொல்லவுமில்லை. கம்பெனி அவருக்கு மட்டும்தான் டிக்கெட் கொடுக்கும், இவளுக்கோ லீவு கிடைக்காது. அப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு முட்டிவலி வந்து, எங்கேயும் போகாமலிருக்க அதுவே ஒரு காரணமானது.

அத்தான் ரிட்டயர் ஆனதும்தான் வினையே. ஊர்களிலிருந்து புதுச் செய்தி வருவது நின்றது. மனிதர் பழையதையே திருப்பிப் போட ஆரம்பித்தார். காலைக் காப்பிக்கு ஓர் ஊர், மத்தியானம் ஓர் ஊர். மூன்றாவது மாதம் ஒரு நாள், முதலிடத்து ஊரின் போஸ்ட் ஆபீஸ் கூரையை அவர் நாலாவது தடவையாக வர்ணித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க. என்னை அந்த ஊருக்கு ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போங்க. நல்லா இருந்தா ஆயுசுக்கும் பேசுங்க, நான் ஒண்ணும் சொல்லல. நல்லா இல்லேன்னா, திரும்பி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல ஊர்ப் பேச்சே கூடாது. சரியா?"

"சரி," என்றார் அத்தான், வாயெல்லாம் பல்லாக. எனக்குத்தான் பகீரென்றது. அந்தப் பேச்சை நிறுத்திவிட்டால் அந்த மனிதரிடம் வேறு என்ன மிச்சம்? சீட்டாட மாட்டார், பேப்பர் படிக்க மாட்டார். நடுவராக நீயும் வா என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டாள்.

ஆறு மணி நேர ரயில். காலை பத்து மணிக்கு ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தோம். வந்ததும் அத்தான் அப்படியே நின்றுவிட்டார். வேன் இல்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷமாக வந்துபோன ஊரின் தெருவில் அவர் கால் பட்டதே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது.

மனிதர் நடுரோட்டில் நின்றுகொண்டு, பட்டம் விடுகிறவர் போல அண்ணாந்து பார்க்கிறார். கீழேயிருந்து பார்த்தால் எல்லாக் கட்டிடங்களும் ஒன்றுபோல இருந்தன. கடைசியில் ஒரு செருப்புக் கடைக்காரரிடம் போனார்.

"ஏங்க, மேல ரெண்டு கறுப்புத் தொட்டி, ஒரு நீலத் தொட்டி இருக்குமே, அந்த லாட்ஜ் எங்க இருக்கு?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கடைக்கு மேல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

லாட்ஜைத் தேர்ந்தெடுத்ததும் அத்தான்தான். இன்ஷூரன்ஸ் கட்டிடத்துக்கு நேர் எதிரே, எட்டிப் பிடிக்கிற தூரம் என்று சொல்லியிருந்தார். மேலேயிருந்து பார்த்தால் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கீழே வந்தால் நடுவில் ரயில் பாதை கிடந்தது, அதைச் சுற்றிவர முக்கால் மணி. நாலு பேரிடம் விசாரித்து லாட்ஜைக் கண்டுபிடித்த ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து சந்துக்குள் நடக்க வேண்டியிருந்தது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு இடத்தில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால்தான் பயம்.

சாப்பிட்டுவிட்டு ஊரைச் சுற்றினோம். சுற்றினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆற்றைப் பார்க்கப் போனால் கரையெல்லாம் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். போஸ்ட் ஆபீஸ் கூரை கீழேயிருந்து தெரியவே இல்லை. வெயில், ஹாரன் சத்தம், சாக்கடை நாற்றம். மேலேயிருந்து பார்த்தவருக்கு நாற்றம் எங்கே தெரியும்! அத்தான் வழியில் தென்பட்டதையெல்லாம் நல்லதாகச் சொல்லப் பார்த்தார். "இந்த பஸ் ஸ்டாப்புக்கு நல்லா பெயிண்ட் அடிச்சிருக்காங்க இல்ல?" என்றார். அக்கா பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மூன்று மணிக்குமேல் அவர் அதையும் நிறுத்திவிட்டார். முகம் தொங்கிப்போயிற்று. அந்த வாய் மூடிக்கிடந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அழுகை வராத குறை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவரே மெதுவாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில முத ரயில்ல போயிடலாம். நான்தான் என்னமோ பெருசா நெனச்சுட்டேன்."

"போலாம்," என்றாள் அக்கா. டீயைக் குடித்து முடித்தாள். "ஆனா அந்தக் கட்டிடத்துக்கு இன்னும் போகலையே?"

"அங்க உன்னால முடியாதும்மா. லிஃப்ட் ஏழாவது மாடி வரைக்கும்தான். அதுக்கு மேல இரும்புப் படி. பதினாறு இருக்கு."

"எந்திரிங்க."

இன்ஷூரன்ஸ் கட்டிடத்து வாட்ச்மேனுக்கு அத்தானைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. "சார்! ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க, சொல்லாமலே போயிட்டீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்களை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, மேனேஜருக்கு போன் போட்டு அனுமதி வாங்கினார். லிஃப்டில் ஏறியதும் அத்தான் பழக்கதோஷத்தில் காதைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டார். நன்றாகத்தான் ஓடியது போலிருக்கிறது, நிமிர்ந்துகொண்டார்.

இரும்புப் படி செங்குத்தாக இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பி, முதல் படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி அடுத்த படிக்கு ஏறி உட்கார்ந்தாள். அப்படியே குழந்தைகள் மாடிப்படி ஏறுவதுபோல, முதுகுப்பக்கமாக, ஒவ்வொரு படியாக. நான் மேலே நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் கீழே அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்து, பாத்து," என்றபடி வந்தார்.

"எதைப் பாக்கறது? உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வரேன்," என்றாள் அக்கா.

பதினாறு படிக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. கூடவே ஏறிவந்த வாட்ச்மேன் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டார். அக்கா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வெயில் தாழ்ந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. கீழே ஊர் முழுவதும் விரிந்து கிடந்தது. அத்தான் ஊரைப் பார்க்கவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கை உயர்ந்தது.

"அது போஸ்ட் ஆபீஸ். பின்னாடி ஓட்டுல செடி முளைச்சிருக்கணுமே. ஆமா, இருக்கு."

அத்தான் தலையாட்டினார்.

"அதுக்கு அந்தாண்ட ஸ்கூலு. உடைஞ்ச பெஞ்சையெல்லாம் மாடியில போட்டிருக்காங்கன்னீங்க. இன்னும் அள்ளலையா அதை?"

"இன்னும் அள்ளல," என்றார் அத்தான்.

"அந்தத் தகரக் கொட்டாய்தான் புறா வளக்கறவரு வீடு. சாயங்காலம் விசில் அடிப்பாருன்னீங்க. அதோ, ரயில் பாதைக்குப் பக்கத்துல சாய்ஞ்ச புகைபோக்கி. ரெண்டு தடவ இடி விழுந்தும் நிக்குது." அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள், இடமிருந்து வலமாக, கூரை கூரையாக. நான் மறந்துபோனதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. இத்தனை வருஷமும் இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தேனே, என்னைச் சொல்லவேண்டும். அத்தான் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

திடீரென்று அக்காவின் கை நின்றது. டின்னிலிருந்து பாதி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த மஞ்ச வீடு எங்கங்க?"

"எந்த மஞ்ச வீடு?"

"என்ன, எந்த மஞ்ச வீடுன்னு கேக்கறீங்க? ஆத்துக்கு இந்தப் பக்கம். மாடியில ஒரு அம்மா மடியில புத்தகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டு பொண்ணுங்க சுத்தி ஓடும்னீங்க. அப்புறம் வளந்து ஒண்ணு படிச்சுக்கிட்டே நடக்குது, ஒண்ணு போன் பேசிக்கிட்டே நடக்குதுன்னீங்க. அந்த வீட்டக் காணோமே!"

அத்தான் அப்போதுதான் ஊரின் பக்கம் திரும்பினார். அவள் காட்டிய இடத்தில் பச்சைத் துணி போர்த்திய சாரம் நின்றது. உள்ளே புதுக் கட்டிடம் ஒரு மாடி ஏறியிருந்தது. கடைசியாக அவர் வந்துபோன பிறகு இடித்திருக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லாம இடிச்சுட்டாங்களே," என்றாள் அக்கா. கண்ணாலே பார்த்திராத ஒரு வீட்டுக்காக அவள் கண் கலங்கியது. அத்தான் அவள் பக்கத்தில், வெறும் தரையில், கையில் செருப்போடு உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தப் பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவராக வந்தவள் நானல்லவா? கேட்டேன். "சரிக்கா, தீர்ப்பு என்ன? ஊர் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது எனக்குத் தெரிஞ்ச ஊருடி. இதுல புதுசா பிடிக்க என்ன இருக்கு?" என்றாள். பிறகு அத்தானைப் பார்த்து, பள்ளிக்கூட ஆபீஸ் குரலில் சொன்னாள். "இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்து பாத்த ஊரையே காட்டறீங்க. அடுத்த தடவ நான் பாக்காத ஊரா பாத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தான் விரலை மடக்கி மடக்கிப் பதினொரு ஊரையும் யோசித்தார். இரண்டு தரம் யோசித்தார்.

"அப்படி ஒரு ஊரு எங்கிட்ட இல்லையேம்மா," என்றார்.