பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா உள்ளே இருக்கிறார். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆப்பரேஷன். ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

சும்மா இருந்தால் பயம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

கடவுளைச் சந்தேகித்தவர்களின் வரலாற்றை ஒரு வருடமாக இந்த வலைப்பதிவில் எழுதி வருகிறேன். (புதிதாக வந்தவர்களுக்கு: சொந்த ஊர் வேலந்தாவளம், வேலை கல்லூரியில் வரலாறு நடத்துவது, சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'சாமி இல்லாதவ'.)

அப்படிப்பட்ட நான், போன வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு கள்ளத்தனம் செய்தேன்.

அப்பாவுக்கு மூன்று இடத்தில் அடைப்பு. தள்ளிப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அசையவில்லை.

"ஆத்தா சொல்லட்டும். பூக் கேட்டுப்போட்டுத்தான் மத்ததெல்லாம்."

எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, எதுவென்றாலும் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே தெரியாதபடி வாழையிலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் பூசாரி கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்.

பொட்டலத்தைக் கட்டுவது வீட்டு ஆட்கள் வேலை. அம்மா கையை நீட்டினாள். அப்பா என்னைக் காட்டினார்.

"இவ கட்டட்டும். நீ பயந்துக்கிட்டு எதாச்சும் பண்ணிப்போடுவ. இவளுக்குச் சாமியும் இல்ல, பயமும் இல்ல. கள்ளம் இருக்காது."

என் நாத்திகத்துக்கு அப்பா கொடுத்த முதல் சர்டிபிகேட் அது.

பூத்தட்டோடு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்தேன். காலைக் காற்று தென்னந்தோப்பு வழியாக வந்துகொண்டே இருந்தது. மலைக் கணவாய் வழியாக வரும் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் கேட்டால் நாம் எங்கே, எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

நான் ஒரு வருடமாக எழுதியவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கண்ணால் காண்பதே மெய் என்ற உலகாயதர்கள் வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு வருவது போலத்தான் உடம்பில் உயிர் வருகிறது என்றவர்கள். அவர்கள் எழுதியது ஏறக்குறைய எல்லாம் அழிந்துவிட்டது. அவர்களைத் திட்டியவர்கள் எழுதியதிலிருந்துதான் நமக்கு அவர்களைத் தெரியும்.

இந்த உலகம் எப்படி உண்டானது என்று மேலே இருக்கிறவனுக்காவது தெரியுமா, அவனுக்கும் தெரியாதோ என்று வேதத்திலேயே கேட்ட ஒரு பழைய ஆள் வந்தார். பெயர்கூட இல்லை. தெய்வங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓர் ஆயுள் போதாது என்ற கிரேக்கர் ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

'உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பொட்டலம் கட்ட வேண்டி வந்ததா?' என்று மனதுக்குள் கேட்டேன்.

எல்லோரும் தென்னைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்துக் கட்டினேன்.

பூசாரி செந்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பொட்டலங்களை வாங்கிக்கொண்டு திரையைப் போட்டான். மணி அடித்தான். திரை விலகியதும் அப்பா உள்ளே கை காட்டி, இடது பக்கம் இருந்ததை எடுத்துத் தரச் சொன்னார்.

வெள்ளை.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பொழைச்சுக்குவேன்னு சொல்லிப்போட்டா கண்ணு" என்றார். என்னை நம்பிய மனிதரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளே குறுகுறுத்தது.

அவரும் அம்மாவும் கோயிலைச் சுற்றப் போனார்கள். எனக்குத் தாங்கவில்லை. செந்திலிடம் போனேன்.

"செந்திலு, ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தான். நான் கட்டிய முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"இதுதான் உன்ற பொட்டணம். திரைக்குள்ளாற மாத்திட்டேன். ஆத்தா காலடியில வெச்சது நான் கட்டுனது. அதுலயும் ரெண்டும் வெள்ளைதான்."

அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீதான் கள்ளமில்லாத ஆளாச்சே. ஒண்ணுல சிவப்பு வெச்சிருப்பியோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"அப்ப நீயும் நம்பறது இல்லயா?"

"நம்பாம தெனமும் பூசை பண்றனா?" அவன் குரல் இறங்கியது. "என்ற அப்பனுக்கு வயித்துல கட்டி வந்தப்ப இதே நடையில பூக் கேட்டோம். சிவப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல. மூணு மாசத்துல போயிட்டாரு. அதுக்கப்பறம் ஒடம்புக்கு முடியாதவிய யாரு வந்தாலும், நான் ஆத்தாகிட்ட கேக்கறதில்ல."

என் ஒரு வருடத் தொடரில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதவில்லை. இப்படி ஒருவர் இருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் வந்தார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். சாயங்காலம் கண் விழிப்பாராம்.

அம்மாவிடம் சொன்னேன். அடுத்து செந்திலுக்குப் போன் போட்டேன்.

"நல்லபடியா முடிஞ்சுது."

அந்தப் பக்கம் கோயில் கதவை இழுக்கிற சத்தம் கேட்டது.

"என்ன பண்ற?"

"நடை சாத்தறேன்."

"மணி ரெண்டாகப் போகுது. பன்னெண்டுக்கே சாத்தோணுமே?"

"சேதி வராம ஆத்தா முன்னால இருந்து எந்திரிக்க மனசு வரல" என்றான்.

பட்டினியாக இருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள். செந்திலை எந்தப் பக்கத்து ஆள் என்று நான் எழுதுவது?