ருசி பார்க்க ஒரு கரண்டி, ஊட்ட ஒரு கரண்டி

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலர் அவர் கைக்குக் கிடைத்திருந்தால், முதலில் தாளை விரலால் தேய்த்துப் பார்த்து, அச்சகத்தார் பேசிய தாள் இதுவல்ல என்று சொல்லியிருப்பார். அதன் பிறகுதான் தன் படத்தைப் பார்த்திருப்பார். அதையும் சந்தேகத்தோடுதான்.

அண்ணன் நாங்குநேரிப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும், மீசை முளைக்காத வயதில் பம்பாய்க்கு ரயிலேறினார். வேலை வாங்கித் தருவதாக அழைத்து வந்த ஆள், தாதர் ஸ்டேஷனில் டீ வாங்கி வருகிறேன் என்று அண்ணனின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவே இல்லை. அன்று பிடித்த சந்தேகம் அண்ணனைக் கடைசிவரை விடவில்லை. தாராவியில் தோல் பைப் பட்டறையில் வேலை செய்து, அம்மாவையும் என்னையும் வரவழைத்து, என்னைப் படிக்கவைத்து, சுனாபட்டியில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையைப் பற்றி அவர் விசாரிக்காத ஆள் சுனாபட்டியில் இல்லை. தனக்குப் பெண் பார்த்தபோது மட்டும், பெண் வீட்டார் ஒன்றுமே விசாரிக்காமல் சம்மதித்துவிட்டார்கள், அதில் ஏதோ இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பிறகு திருமணமே செய்துகொள்ளவில்லை.

என் மகள் கயலுக்கு எட்டு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காட்கோபரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அதற்கு மேல் லீவு கிடையாது. அம்மா அதற்குள் தவறிவிட்டார். முட்டி வலியால் பட்டறையை விட்டிருந்த அண்ணன், பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆயாவை வைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாட்டையும் குழைத்துக் கொடுக்கும் வயது வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். புதிதாக ஒன்று கொடுத்தால், அது ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு இந்த டாக்டரை மிகவும் பிடித்துவிட்டது. தன்னைப் போல எதையும் பொறுத்துப் பார்க்கிற மனிதர் என்றார்.

ஆனால் கயல் வாயைத் திறக்கவில்லை. கேப்பைக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, மசித்த பூசணி, வாழைப்பழம், எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்புவாள். எடை ஏறாமல் நின்றது. என் மாமியார், மாதம் முடிவதற்குள் பிள்ளை சாப்பிடத் தொடங்காவிட்டால் தூத்துக்குடிக்குத் தூக்கிப்போய்விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டால் வீட்டு வாடகை நிற்கும், விடாவிட்டால் பிள்ளை போய்விடும். பால் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் துப்புத் துலக்க இறங்கினார். முதல் சந்தேகம் மாவு மில்லின் மேல். நமக்கு முன்னால் எவனோ மிளகாய் அரைத்திருப்பான், கேப்பையில் காரம் ஏறியிருக்கும் என்றார். அடுத்த முறை ஒரு கிலோ அரிசியை முதலில் ஓடவிட்டு, மெஷினைக் கழுவியெடுத்த பிறகே கேப்பையைக் கொட்டவிட்டார். மில்காரர் இவரைக் கண்டாலே ஷட்டரை இறக்கப் பார்ப்பாராம். பிறகு குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை கொதிக்கவைத்தார். பருப்புக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று கடையை மாற்றினார். ஒவ்வொரு வாயையும் முதலில் தான் சாப்பிட்டு, நாக்கில் உருட்டி, கண்ணைச் சுருக்கி யோசித்த பிறகே பிள்ளைக்கு நீட்டுவார். தன் எச்சிலையும் நம்பாதவர். அதனால் ருசி பார்க்க ஒரு கரண்டி, ஊட்ட ஒரு கரண்டி.

கடைசியில் சந்தேகம் அண்ணனின் பக்கத்து வீட்டு மைமூன் அக்கா மேல் விழுந்தது. கடையநல்லூர்க்காரர். பிள்ளையை அவர் வீட்டில் சிறிது நேரம் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போய்வந்த அண்ணன், கயலின் தாடையில் சோற்றுப் பருக்கையைப் பார்த்துவிட்டார். டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துப் பிள்ளையின் பசியைக் கெடுக்கிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது.

"புள்ளைக்கு யாரு என்னத்தக் குடுத்தா?" என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.

அங்கே பிள்ளைகளெல்லாம் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கைக்குழந்தைக்கென்று உப்பும் காரமும் போடுவதற்கு முன்பே எடுத்துவைத்த பருப்புச் சோறு தட்டின் ஓரத்தில் இருந்தது. கயல் அதைத் தானே அள்ளித் தின்றுகொண்டிருந்தாளாம்.

"நாங்க யாரும் ஊட்டல அண்ணாச்சி. எல்லாரும் திங்கறதப் பாத்துட்டு அதுவா எடுக்கு. நீங்க ஒரு வாய் தின்னுட்டு, வெசத்தத் தின்ன மாதிரி மூஞ்சிய வைக்கிய. அதப் பாத்துட்டு எந்தப் புள்ள வாயத் தொறக்கும்?"

அண்ணன் வீட்டுக்குப் போய், சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாய் கஞ்சி குடித்துப் பார்த்ததை மைமூன் அக்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அண்ணன் சிரித்துக்கொண்டே ஊட்ட முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கயல் வீறிட்டு அழுதாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரத் தாமதமானது. அண்ணன் குடம் பிடித்துச் சமைத்து முடிக்கையில் மதியம் தாண்டிவிட்டது. நல்ல பசி. உப்புப் போடாத குழைந்த சோற்றையும் பூசணியையும் ஒரே தட்டில் போட்டு, கயலைப் பக்கத்தில் உட்காரவைத்து, ருசி பார்க்க மறந்து தாமே வேகவேகமாகச் சாப்பிட்டிருக்கிறார். பாதித் தட்டில் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

மாலையில் பிள்ளையை வாங்கப் போன என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, இன்னைக்கு நல்லாத் தின்னுட்டா. இதுல என்னமோ இருக்கு" என்றார். கண் மட்டும் நிறைந்திருந்தது. கயல் தூத்துக்குடிக்குப் போகவில்லை. அன்று முதல் அண்ணனும் தனியாகச் சாப்பிடவில்லை.

சிறுநீரகம் கெட்டு அண்ணன் எங்கள் வீட்டில் படுத்திருந்த கடைசி நாட்களில், அவருக்கும் உப்பில்லாத குழைந்த சோறுதான். மருந்தைக் கலந்திருக்கிறோம் என்று சந்தேகப்பட்டு வாயை இறுக்கிக்கொண்டார். கல்லூரிக்குப் போகும் கயல் அதே தட்டோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஒரு வாய் அள்ளித் தின்று, கண்ணை மூடித் தலையை ஆட்டினாள்.

"மாமா, ஏக்தம் மஸ்த்" என்றாள், ரொம்பப் பிரமாதம் என்று பம்பாய் இந்தியில்.

அண்ணன் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "ஏட்டி, நடிக்காத. உப்பே இல்ல" என்றார். பிறகு வாயைத் திறந்தார்.

அண்ணனுக்கு மருத்துவம் செய்தவர்களுக்கும், பட்டறைத் தோழர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த மைமூன் அக்கா குடும்பத்தாருக்கும், அண்ணனைப் பொறுத்துக்கொண்ட மாவு மில்காரருக்கும் எங்கள் நன்றி. கயலுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் இதை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். உப்புப் போட்டிருக்கிறது. முதல் வாய் கயல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டாள், அவள் முகம் நன்றாகத்தான் இருந்தது.